நான் சொல்ற வரைக்கும்

காலையில் எழில் வாசல் படியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன அகல்கள் நிமிர்ந்திருந்தன.

ஒவ்வொன்றிலும் எண்ணெய் ஊற்றித் திரி போட்டிருந்தது. எல்லாத் திரிகளும் ஒரே நீளத்தில், ஒரே பக்கமாகச் சாய்ந்து மலையைப் பார்த்துக் கிடந்தன. ஒரு சொட்டு எண்ணெய்கூட வெளியே சிந்தவில்லை.

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கார்த்திகை தீப நாளில் வேங்கிக்காலின் இந்தப் பக்கத்துத் தெருக்கள் சீக்கிரமே காலியாகிவிடும். பாதிப்பேர் கிரிவலப் பாதைக்குப் போய்விடுவார்கள், மற்றவர்கள் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். தூரத்திலிருந்து லட்சக்கணக்கான கால்களின் சத்தம் ஒரே இரைச்சலாக, அடுப்பில் உலை கொதிப்பதுபோல் வந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே ஒலிபெருக்கியில் காவல்துறையின் குரல், கூட்டத்தில் காணாமல் போனவர்களின் பெயர்களை வாசித்தது. பெயர், வயது, போட்டிருந்த சட்டையின் நிறம்.

வீட்டுக்காரி ஜோதியம்மாள் தாம்பாளத்தோடு மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். எழிலைப் பார்த்ததும் பாதியில் நின்று, அண்ணன் வந்து விளக்கெல்லாம் தயார் பண்ணி வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

"இன்னா மரியாதை தெரியுமா அந்தப் புள்ளைக்கு. எங்கூட பேசற வரைக்கும் கட்டின கைய எடுக்கல."

எழிலுக்கு ஒரு அண்ணன் இருந்தான். மாறன். திண்டிவனம் சாலையில் லாரி மோதி அவன் இறந்து நான்கு வருடம் ஆகிறது.

ஜோதியம்மாள் சொன்னது அவனை அல்ல.

"போய்ட்டானாக்கா?"

"போயிருப்பான். நான் மேல போய்ட்டேனே."

*

வளவன் முதன்முதலில் வந்தது ரத்தம் கொடுக்க.

கலெக்டர் ஆபீசுக்குப் போகும் சாலையில் இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எழிலுக்கு வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் ஜாஸ்தி. எல்லோரையும் அவள் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஊசியைப் பார்த்து இறுகிய கை அந்தச் சொல்லைக் கேட்டுக் கொஞ்சம் தளரும். நரம்பு கிடைக்கும். வளவன் முழுக்கைச் சட்டையை இன் பண்ணி ஷூ போட்டு வந்திருந்தான். ஏதோ ஆபீசர்போல என்று நினைத்து, யோசிக்காமல் சார் என்றாள். ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து, எல்லோருக்கும் சொல்வதையே அவனுக்கும் சொன்னாள்.

"அழுத்திப் பிடிங்க சார். நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து அடுத்த நாற்காலியில் ஒரு பெண் மயங்கிச் சரிந்தாள். அந்தக் களேபரத்தில் எழில் அவனை மறந்துபோனாள். மத்தியானம் சாப்பிட எழுந்தபோது பெஞ்சில் அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான், இடது கையை மடக்கி, வலது கையால் அதைப் பிடித்தபடி. அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. ரிப்போர்ட் சாயங்காலம்தான் கிடைக்கும் சார், நீங்க போலாம் என்றாள். அவன் சிரித்தான். மடக்கிய கையை நீட்டாமலே எழுந்து போனான்.

நடந்தது அவ்வளவுதான். இதற்குமேல் எதுவும் இல்லை என்பதைப் பிறகு பலரிடம் பலமுறை அவள் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். முழுசாக நம்பியவர்கள் கம்மி.

மறுநாள் அவன் பரிசோதனை நிலையத்துக்கு எதிரே நின்றான். அதற்கு மறுநாளும். பேருந்தில் அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தான். அப்போது அவள் அடி அண்ணாமலையில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் டீக்கடையில் அவன் இருந்தான். கிட்டே வரவில்லை. தொடவில்லை. எங்கே நின்றாலும் கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ அழைப்புக்குக் காத்திருப்பவன்போல நின்றான். ஒரு பௌர்ணமிக்கு, கூட வேலை செய்யும் நந்தினியோடு அவள் கிரிவலம் போனாள். பாதை முழுக்க அவன் பின்னால் வந்தான். அவள் தண்ணீர் குடிக்க நின்றால் நின்றான். அன்றைக்குத்தான் அவன் அனுப்பிய செய்தி செல்போனில் வந்தது.

எல்லாரையும் அண்ணான்னு கூப்பிடற. என்னை மட்டும் சார்னு கூப்பிட்ட. அதுலயே புரிஞ்சுக்கிட்டேன்.

*

காவல் நிலையத்துக்கு அவள் அப்பா தருமன் கூட வந்தார். கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கடலை போட்டிருக்கும் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் சுப்பிரமணி அவர்களை உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர். பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அதுதான் ஆறவில்லை.

கிரிவலத்தில் பின்னாலேயே வந்ததை அவள் சொன்னாள்.

"கிரிவலத்துல எல்லாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர்தாம்மா போவாங்க" என்றார் அவர். எழுதிக்கொண்டிருந்த காவலர் சிரித்தார். அப்பாவும், சிரிக்க வேண்டுமோ என்று நினைத்து, கொஞ்சம் சிரித்தார்.

வளவனை வரவழைத்தார்கள். முழுக்கைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றான். அந்த நிற்பு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கேட்டதற்கெல்லாம் ஆமாம் சார் என்றான். அந்தச் சொல்லைப் பற்றியும் சொன்னான், சார் என்று கூப்பிட்டதைப் பற்றி. சுப்பிரமணி நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முடிச்சு கிடைத்துவிட்டதுபோல் மேஜையைத் தட்டினார். வழக்கு என்று போட்டால் கோர்ட்டு, சாட்சி என்று பொண்ணுதான் அலைய வேண்டியிருக்கும், கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு என்று அப்பாவிடம் சொன்னார். எல்லாம் ஒரு வார்த்தையில் வந்தது, ஒரு வார்த்தையில் போகட்டும் என்றார்.

"டேய், இனிமே இது உன் தங்கச்சி. புரியுதா? நீ சொல்லும்மா. அண்ணான்னு ஒரே ஒரு தடவை கூப்புடு, முடிஞ்சுது."

ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல். அன்று வாயில் வரவில்லை. மாறன் போன பிறகு முன்பின் தெரியாதவர்களிடம் அதைச் சொல்ல முடிந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அவனில் ஒரு துளியை எடுத்து யாருக்கோ கொடுப்பதுபோல் இருக்கும். பரவாயில்லை, கொடுக்கலாம் என்றும் இருக்கும். இவனுக்கு மட்டும் கொடுக்க முடியாது என்று தோன்றியது. மின்விசிறி சுற்றியது. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அப்பா அவள் முழங்கையைத் தொட்டார்.

"சொல்லிடும்மா. போய்டலாம்."

சொன்னாள்.

வளவன் கண்ணை மூடி அதைக் கேட்டான். மறுபடி திறந்தபோது அவன் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மாறிப்போயிருந்தது. "சரிம்மா" என்றான், வீட்டுக்கு மூத்தவன் சொல்வதுபோல.

வெளியே வேப்பமரத்தடியில் தலைமைக் காவலர் தமிழ்செல்வி பின்னாலேயே வந்தார். தன் எண்ணை எழிலின் போனில் தானே அடித்துக் கொடுத்தார். ஒரு பெண்ணைப் பின்தொடர்வதற்கென்றே சட்டத்தில் தனியாகப் பிரிவு இருக்கிறது, வழக்குப் போடாமல் போக மாட்டேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றிருக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பப் போன அப்பாவைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தினார்.

"நீ இல்ல. நாங்கதான் நின்னிருக்கணும்."

*

அதுவரை அவன் டீக்கடையில் நின்றான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தான்.

பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போனான். கல்யாணமாகாத பெண்ணுக்கு யார் இப்படிச் சீர் கொண்டுவருவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா தங்கம்மாள் காலில் விழுந்து, தெரியாமல் செய்துவிட்டேன், போலீஸ்காரர் கண்ணைத் திறந்துவிட்டார் என்றான். அம்மா முதலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பக்கத்தில் இருந்தவன் அவன்தான். மருந்து வாங்கி வந்தான், வராந்தாவில் தூங்கினான். அதற்குப் பிறகு அம்மா கதவைச் சாத்தவில்லை. இடது கையில் ஏதோ பழைய அடிபோல, மடக்கியே வைத்திருக்கிறான் பாவம், ஒற்றைக் கையாலேயே எல்லாம் செய்கிறான் என்று எழிலிடம் சொன்னாள். ஒரு நாள் மோட்டார் கொட்டகையிலிருந்து அப்பா, ஏதோ நினைப்பில், மாறா என்று குரல் கொடுத்தார். வரப்பில் நின்ற வளவன், வர்றேன்ப்பா என்றான். அப்பா அப்படியே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாராம். அம்மா இதைப் போனில் சொன்னபோது அவளும் அழுதாள். எழிலுக்கு அவர்களைத் திட்ட வாய் வரவில்லை.

முன்பு அவனை முறைத்தவர்கள் இப்போது நாற்காலி போட்டார்கள். பரிசோதனை நிலையத்தின் காவலாளி அவனை உள்ளே உட்காரவைத்து விசிறியைப் போட்டுவிட்டார். கண்டக்டர் அவளுக்குப் பக்கத்து சீட்டைக் காட்டி, தங்கச்சி பக்கத்துல உக்காருங்க என்றார். அடி அண்ணாமலையைக் காலி செய்துவிட்டு யாருக்கும் சொல்லாமல் வேங்கிக்காலுக்கு மாறினாள். அவன் தேடவே இல்லை. அம்மாவிடம் கேட்டான், அம்மா சொன்னாள்.

மறுபடி காவல் நிலையத்துக்குத் தனியாகப் போனாள். சுப்பிரமணிக்கு அவளை நினைவிருந்தது. என்ன செய்கிறான் என்று கேட்டார். வருகிறான் என்றாள். வந்து? அவன் வருவதுதான் அவன் செய்வது.

"அண்ணனா சீர் கொண்டாரான்னு கேஸ் போட முடியுமாம்மா" என்றார், வருத்தமாகத்தான்.

*

இப்போது படியில் நின்று அவள் தமிழ்செல்விக்குப் போன் செய்தாள். நெடுநேரம் அடித்தபின் எடுத்தார். கிரிவலப் பாதையில் பந்தோபஸ்தில் இருந்தார். கூட்டத்தின் இரைச்சல் அவர் குரலை இழுத்து இழுத்து முழுங்கியது. இந்தக் கூட்டத்தில் இருந்து அசைய முடியாது, தீபம் ஏற்றி கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் தானே வருகிறேன், அதுவரை தனியாக இருக்காதே, உதவி எண்ணுக்கும் சொல்லிவிடு என்றார்.

உதவி எண்ணில் ஒரு பெண் பேசினாள். பொறுமையாகக் கேட்டாள். இப்போது அந்த ஆள் அங்கே இருக்கிறானா? இல்லை. கதவை உடைத்தானா? இல்லை. என்ன செய்தான்? விளக்குக்கு எண்ணெய் ஊற்றியிருக்கிறான். சொன்னபோது அவளுக்கே அது எப்படிக் கேட்கிறது என்று புரிந்தது. பக்கத்தில் வேறு யாராவது இருந்தால் போனைக் கொடுக்கச் சொன்னாள் அந்தப் பெண். எழில் மாடிப்படியில் ஏறி ஜோதியம்மாளிடம் கொடுத்தாள்.

"அது அவங்க அண்ணன்தாங்க" என்றாள் ஜோதியம்மாள். "எதோ வீட்டுல மனஸ்தாபம் போல. நல்ல நாள் அதுவுமா."

போன் திரும்பி வந்தபோது அந்தப் பெண்ணின் குரலில் அவசரம் போயிருந்தது. புகாரைப் பதிந்துகொண்டதாகவும், சாலை திறந்ததும் வண்டி வரும் என்றும் சொன்னாள்.

ஜோதியம்மாள் மேலே கூப்பிட்டாள். மாடியில் நின்றால் மலை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், வா என்றாள். எழில் ஒரு படி ஏறினாள். பிறகு நின்றாள். அப்புறமாக வருகிறேன் என்று அவன் சொல்லிவிட்டுப் போயிருந்தால், வருவான். அவன் வந்தால் ஜோதியம்மாள் பாய் விரிப்பாள். எழிலுக்குப் பக்கத்தில் விரிப்பாள். ஊரெல்லாம் மலையைப் பார்த்திருக்கும்போது அவன் அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கீழே வீட்டுக்குள் தாழ்ப்பாள் இருந்தது. இந்த ஊரில் அவனுக்காக வேறு யாரும் திறந்துவிட முடியாத ஒரே கதவு.

பூட்டைப் பார்த்தாள். காலையில் தொங்கவிட்டபடியே தொங்கியது. கீறல் இல்லை. இழுத்துப் பார்த்தாள். திறந்து உள்ளே போய் மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள்.

*

விளக்கைப் போடவில்லை. போட்டால் ஜன்னலில் தெரியும், அவள் உள்ளே இருக்கிறாள் என்று.

முன்னறை, அதற்குப் பின்னால் உள்ளறை, அதற்கும் பின்னால் சமையலறையும் பின்கதவும், ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டிபோல் நீண்ட வீடு. கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஜன்னல் கண்ணாடியில் சாயங்காலம் மங்கிக்கொண்டிருந்தது. மலையில் தீபம் ஏற்றும்வரை இந்த ஊரில் யாரும் வீட்டில் ஏற்ற மாட்டார்கள். தெருவே எண்ணெய் ஊற்றிய விளக்குகளோடு இருட்டில் காத்திருந்தது. மாடியில் ஜோதியம்மாள் வீட்டார் நடக்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு யாரோ சொல்லி எல்லாம் அடங்கிய மௌனம். தூரத்தில் ஒலிபெருக்கி இன்னும் பெயர்களை வாசித்தது. நீலச் சட்டை அணிந்த, பேச வராத, ஏழு வயது.

வெல்லப்பாகின் வாசனை வந்தது. கார்த்திகைப் பொரி. நெய்யில் சுட்ட அடை. மாடியிலிருந்து இறங்கி வருகிறது என்று நினைத்தாள். அம்மாவின் கைவாசனைபோல இருந்தது. ஏலக்காயோடு கொஞ்சம் சுக்கும் தட்டிப்போடுவாள் அம்மா. அதற்குக் கீழே ஸ்பிரிட் வாசனை. அது அவள் கையிலிருந்து வருவது, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அதற்கும் கீழே இன்னொன்று. பரிசோதனை நிலையத்தில் கழிவு போடும் மஞ்சள் பையைக் கட்டும்போது வரும் வாடை. ரத்தம் தோய்ந்து நாளான பஞ்சின் வாடை. காவல் நிலையத்தில் அன்று அவளுக்குப் பக்கத்தில் இது லேசாக வந்தது. தன் உடுப்பிலிருந்துதான் வருகிறது என்று அன்றும் நினைத்தாள்.

துப்பட்டாவை எடுத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை.

போன் அதிர்ந்தது. அம்மா.

காதில் வைத்து, மூச்சுக் குரலில், சொல்லும்மா என்றாள். முழங்கால் வலி ஜாஸ்தியாகிவிட்டது, பஸ்ஸையும் ஊருக்கு வெளியே எங்கோ நிறுத்துகிறார்களாம், அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று வரவில்லை, கோவித்துக்கொள்ளாதே என்றாள் அம்மா. பொரியும் அடையும் கொடுத்தனுப்பியிருப்பதாகச் சொன்னாள். யாரிடம் என்று எழில் கேட்கவில்லை.

"நீ வர்றதுக்கு லேட்டானா அவன் தெருவுல நிக்கணுமேன்னு, எங்கிட்ட ஒரு சாவி குடுத்து வெச்சிருந்தியே, பின்கதவு சாவி, அதயும் குடுத்துட்டேன்."

எழில் உள்ளறையைப் பார்த்தாள். வாசல் நிலை தெரிந்தது. அதற்கு அப்பால் தெரியவில்லை.

"அம்மா."

"இரு, சொல்றேன். மாறன் சட்டை ஒண்ணு குடுத்தேன். நீலக் கட்டம் போட்டது. போட்டுக் காட்டுடான்னேன், அங்க போயி போட்டுக்கறேன்னுட்டான். அளவு சரியாத்தான் இருக்கும். இருந்தா சொல்லு பாப்பா. போட்டோ ஒண்ணு எடுத்து அனுப்பு. ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்."

அம்மாவின் குரல் உடைந்தது. நான்கு கார்த்திகையாக அந்த வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. பிள்ளை போன வீட்டில் எதற்கு என்பாள். இன்றைக்கு ஏற்றப்போகிறேன் என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. எழில் சரிம்மா என்றாள். வேறு எந்தச் சொல்லும் அந்த அழுகைக்குக் கொடுக்க அவளிடம் இல்லை.

போனைப் பையில் போட்டாள். போன் வெளிச்சம் அணைந்ததும் இருட்டு முன்பைவிடக் கெட்டியாக இருந்தது.

திரும்பி, கீழ்த் தாழ்ப்பாளைத் தேடினாள். கிடைத்தது. இழுத்தாள். வந்தது. மேல் தாழ்ப்பாள் எப்போதுமே இறுகும். கதவை அழுத்தித் தள்ளிப் பிடித்தால்தான் வரும். தள்ளினாள். விரல் வழுக்கியது.

உள்ளறையில் துணி உரசியது.

மறுபடி தள்ளினாள். வரவில்லை.

தெருவில் எதுவும் அசையவில்லை. ஒலிபெருக்கியும் நின்றிருந்தது. ஊரே மூச்சைப் பிடித்திருந்தது.

பிறகு வெடி.

மலையிலிருந்து கிளம்பிய சத்தம் தெருத்தெருவாக, மாடி மாடியாக வந்து அந்த வீட்டின் மேல் விழுந்தது. அண்ணாமலையாருக்கு அரோகரா. அவள் கத்தினாள். ஜோதியம்மாளைக் கூப்பிட்டாள். தலைக்கு மேலே ஜோதியம்மாளின் குரலும் சேர்ந்துதான் கத்தியது, அரோகரா, அரோகரா. கதவை அடித்தாள். வெடிகளோடு வெடியாக அது போயிற்று.

அந்தச் சத்தத்துக்குள்ளே, மிகக் கிட்டத்தில், தீக்குச்சி உரசியது.

உள்ளறையில் வெளிச்சம் எழுந்தது. சின்னதாக. நிதானமாக. மலையில் ஏற்றும்வரை அவனும் காத்திருந்தான்.

அவள் திரும்பினாள்.

அவன் விளக்குக்குப் பின்னால் நின்றான். முன்னால் தாம்பாளம். பொரி உருண்டை, அடை, மஞ்சள், வளையல். மாறனின் சட்டை. காலரில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். அதைத் தைத்தவள் அவள். அளவு சரியாக இருந்தது.

அவன் கையைக் கட்டியிருந்தான்.

அது அரைக்கைச் சட்டை. இதுவரை அவனை அவள் முழுக்கையில் தவிர வேறு எதிலும் பார்த்ததில்லை.

ஒரு அடி முன்னால் வந்தான். அரோகரா சத்தம் இன்னும் ஓயவில்லை. அவன் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் கேட்டது.

"பாப்பா."

மெதுவாக, வலிக்கிறதுபோல, இடது கையைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினான். முழுவதும் நீளவில்லை. முழங்கை மடக்கிய வாக்கிலேயே இறுகிப்போயிருந்தது. அந்த மடிப்புக்குள் பஞ்சு இருந்தது. கறுத்து, காய்ந்து, தோலுக்குள் இறங்கி, எது பஞ்சு எது சதை என்று தெரியாமல். அதைச் சுற்றிலும் சதை கன்றி, ஈரமாக மினுங்கியது. வலது கைக் கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. நகம் வெளுக்க அழுத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் எடுக்கல" என்றான். "நீ சொல்லவே இல்லியே."

வெளியே கதவுக்கு அந்தப் பக்கம் ஜோதியம்மாள் இறங்கி வந்து படியில் இருந்த அகல்களை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினாள். கதவின் அடி இடுக்கில் வெளிச்சம் வரிசையாகக் கூடியது. ஒலிபெருக்கி மறுபடி பெயர்களை வாசித்தது.

எழில் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அவன் கையை நீட்டியபடி, அழுத்தியபடி, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.